கழுவிய கல்

கல்லுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள்.

அய்யாவு மலேரியாக் காய்ச்சலோடு கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்துவிட்டு, ரப்பர்த் தோட்டத்துக்கு அரிசி ஏற்றி வந்த லோரியில் மூட்டைகளுக்கு மேலேயே உட்கார்ந்து வந்து மேல் டிவிசனில் இறங்கினான். கொய்னா மருந்து குடித்ததில் காது இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே தொட்டிக்குத்தான் நடந்தான். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால், லாலாங் புல் மண்டிய சரிவில் இருக்கிறது அந்தக் கக்கூஸ் தொட்டி; அதைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அதை ஒட்டி, ஒரு அறை அகலத்துக்கு நாலு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே கைமுட்டி அளவுக் கருங்கல்லை நாலடி உயரத்துக்கு நிரப்பிய கல் படுகை. அந்தக் கல் எப்போதும் கறுப்பும் பழுப்புமாக, தொட்டால் விரல் வழுக்குகிற மாதிரி இருக்கும்.

இன்றைக்கு அது உப்புக் குவியல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. மேல் வரிசைக் கல் ஒவ்வொன்றிலும் சந்தனம், சந்தனத்துக்கு மேல் குங்குமம். தண்ணீர் கொட்டுகிற தகரத்துக்குச் செவ்வந்தி மாலை. அவனுடைய வாரிக்கம்பும் மண்வெட்டியும் வாளியும் வாழையிலையில் பரப்பி வைக்கப்பட்டிருந்தன.

இராஜம்மா ஈரச் சேலையோடு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எழுந்தாள். இரண்டு கையும் சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்திருந்தது.

"வந்துட்டியா? உடம்பு தேவலையா? இந்தா, எதுவும் பேசாதே. முதல்ல பாரு. நல்லாப் பாரு."

"யாரு இதைச் செஞ்சது?"

"யாரு செய்வா? நாந்தான். பக்கத்து வீட்டுத் தங்கமணி ரெண்டு நாளு கூட வந்தா. மேல ரெண்டடிக் கல்லைப் பூராவும் வெளியே எடுத்துப் போட்டு, தேங்காய் நாரு வச்சு ஒவ்வொண்ணாத் தேய்ச்சோம். கீழே கிடக்கிறதுக்குக் கை எட்டலை. சுண்ணாம்பைக் கரைச்சு, கொட்டாயில நீ வச்சிருந்த பூச்சி மருந்து கார்பாலிக்கு டின்னு இருக்கில்ல, அதையும் கலந்து எட்டு வாளி ஊத்தினேன். கறுப்பா இறங்குச்சு பாரு தண்ணி, அப்பா! நாலு வருசத்து அழுக்கு."

அய்யாவு சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எதுக்கு ராஜம்மா?"

"எதுக்கா? ஆயுத பூசை ஆச்சே. பால் உருட்டுற மிசினுக்குப் பூசை, லோரிக்குப் பூசை, கிராணி எழுதுற பேனாவுக்குப் பூசை. உன் வாரிக்கம்புக்கு மட்டும் என்ன வந்துச்சு? தம்புசாமிக் கங்காணி வீட்டு வாசல்ல போயி நின்னுட்டேன். 'அந்த நாத்தத்துல சாமி வந்து நிக்குமா? கழுவி வை, நாத்தம் இல்லேன்னா தட்டோட வர்றேன்'னாரு. கேட்டியா? வர்றேன்னாரு. உன் தொட்டிக்கு."

அவன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து லயத்துப் பக்கம் தப்பு மேளச் சத்தம் கேட்டது. புல் பாதையில் ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தம்புசாமிக் கங்காணி, தலையில் உருமால் கட்டி, கையில் சூடத்தட்டு. பின்னால் மேல் டிவிசன் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். தொட்டி கட்டின நாளிலிருந்து இந்தச் சரிவுக்கு ஒருவரும் சும்மா வந்ததில்லை.

கங்காணி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "அட! நெசமாத்தான். பவுடர் போட்ட மாதிரி இருக்கே! ஏய் அய்யாவு, உம் பொண்டாட்டி உன்னையும் இப்படித்தான் தேய்ச்சுக் குளிப்பாட்டுவாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். அது வெறுப்பில்லாத சிரிப்பு. அதைக் கேட்டு அய்யாவுக்கு நாலு வருசம் ஆகியிருந்தது. சூடம் காட்டினார்கள். கல்லுக்குத் தேங்காய் உடைத்தார்கள். கங்காணி பொரிகடலையை அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தார். தூக்கிப் போடவில்லை, வைத்தார். அவர் விரல் இவன் கையில் பட்டது. இராஜம்மா அதைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அய்யாவு பொரியை வாயில் போட்டு மென்றான்.

அந்தத் தொட்டி என்ன செய்கிறது என்பதை அவன் கேட்காதவர்களுக்கும் சொல்லுகிறவன். சொன்னால் விளங்காத காரியமில்லை. மேல் டிவிசனில் அறுபது குடும்பம். கக்கூஸ் கொட்டகையில் பன்னிரண்டு குழி. கால்வாய்த் தண்ணீர் அடித்துக்கொண்டு வருவதெல்லாம் முதலில் செங்கல் தொட்டிக்குள் விழும். தொட்டிக்கு மூடி உண்டு. உள்ளே இருட்டு, காற்று கிடையாது. கனமானது அடியில் உட்கார்ந்து மெல்ல மெல்ல அழுகிக் கரையும். இலேசானது மேலே மிதந்து ஆடை கட்டும். வெளியே போகிற குழாயின் வாய் உள்ளே கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. அதனால் ஆடையும் வராது, அடிச்சேறும் வராது. நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் வரும். ஆனால் அந்தத் தண்ணீர் இன்னும் கெட்ட தண்ணீர்தான். அதற்குத்தான் கல் படுகை. குழாயிலிருந்து விழுகிற தண்ணீர் ஒரு தகரத்தில் நிறையும். தகரம் தராசுத்தட்டு மாதிரி அச்சில் நிற்கிறது. நிறைந்ததும் தானே சாய்ந்து, டொப்பென்று கல்மேல் கொட்டிவிட்டு, தானே நிமிர்ந்துகொள்ளும். ஏன் கொட்ட வேண்டும்? சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரே இடத்தில் இறங்கிப் போய்விடும். கொட்டினால் பரவும். ஒரு கொட்டுக்கும் அடுத்த கொட்டுக்கும் நடுவில் கல்லுக்கிடையே காற்று நுழையும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு தண்ணீரைச் சுத்தம் செய்வது கல் அல்ல. கல்மேல் படிந்திருக்கிற வழுக்கல்.

இதைக் கட்டிக் கொடுக்கக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த ஓவர்சியர் ரபேல் இப்படித்தான் சொன்னார்: "அய்யாவு, அந்த வழுக்கல் இருக்கே, அது உசிரு. கண்ணுக்குத் தெரியாத கோடிப் பூச்சி. நம்ம விட்டெறியிறதைத்தான் அது தின்னும். உறைமோர் மாதிரின்னு வச்சுக்க. உறை இல்லாம பால் கிடந்தா என்ன ஆகும்? கெட்டுப்போகும். அதைப் பட்டினி போடாதே, காய விடாதே, கழுவாதே. அவ்வளவுதான் உன் வேலை." ஒரு சோதனையும் சொல்லிக் கொடுத்தார். படுகைக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீரை ஒரு சீசாவில் பிடித்து, தக்கை அடைத்து, ஐந்து நாள் நிழலில் வைக்க வேண்டும். திறக்கும்போது மண்வாசனை வந்தால் படுகை வேலை செய்கிறது. அழுகல் நாற்றம் வந்தால் செய்யவில்லை.

நாலு வருசமாக அய்யாவு ஒவ்வொரு வாரமும் ஒரு சீசா வைத்துத் திறந்து பார்த்திருக்கிறான். ஒரு தடவைகூட நாறியதில்லை.

ரப்பர் விலை விழுந்து தோட்டத்துச் சனத்தில் பாதியைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிய வருசம் அது கட்டினது. பால் வாளியோடு வழுக்கி விழுந்து முழங்கால் விலகிப் போயிருந்த அய்யாவின் பேர் கப்பல் பட்டியலில் முதலாவதாக இருந்தது. தொட்டி வேலைக்கு யாரும் வரமாட்டோம் என்றார்கள். அய்யாவு வருகிறேன் என்றான்; பேரை அடித்தார்கள். அதிலிருந்து டீக்கடையில் அவனுக்குச் சிரட்டையில் டீ. கோயில் வாசலில் தூக்கிப் போடுகிற திருநீறு. மகள் தனலெட்சுமியைக் கீழ் டிவிசனில் கட்டிக்கொடுத்தது அதற்கு முன்னால். இல்லையென்றால் அதுவும் நடந்திருக்காது.

தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் செலாசே ஆற்றில் விழுகிறது. ஆறு என்பது பேருக்குத்தான். ஒரு மாடு தாண்டிவிடும். இரண்டு மைல் கீழே, இருபத்திரண்டு வாசல் உள்ள கீழ் டிவிசன் அந்த ஆற்றைத்தான் குடிக்கிறது. அங்கே வெட்டிய கிணறு கடல் ஏறுகிற நாளில் உப்புக் கரிக்கும்.

மாலையில் பூசைக் கூட்டம் போன பிறகு அவன் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். இராஜம்மா அரைத்துக்கொண்டிருந்த மிளகாயை நிறுத்தினாள்.

"கல்லைத் தொடாதேன்னு உன்கிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்?"

"சொன்னே. எங்கையில அழுக்குப் படக்கூடாதுன்னு சொல்றேன்னு நெனச்சேன்." அவள் குரல் சிறுத்துப் போயிற்று. "நீ ஒருத்தன் அதுல கை வைக்கிறது போதும், நான் வேணாம்னு சொல்றேன்னு."

அய்யாவு அவளுடைய தோல் உரிந்த கைகளைப் பார்த்தான்.

"இப்ப என்ன ஆகும்?"

"கெட்ட தண்ணி அப்படியே ஆத்துக்குப் போகும். மறுபடி வழுக்கல் பிடிக்க மூணு வாரம், நாலு வாரம் ஆவும்."

"மருந்து குடுக்கிற டிரஸரய்யாகிட்ட சொல்லிடு."

"சொன்னா?"

இருவருக்கும் தெரியும். சொன்னால் தொட்டியைக் கெடுத்தது யார் என்று கேட்பார்கள். கப்பல்.

"கங்காணி தொட்டுக் குடுத்தாரே. நான் பார்த்தேன்" என்றாள் இராஜம்மா. பிறகு, "நீயே சரி பண்ணிட முடியாதா? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

இதுதான் அவனைக் கெடுத்தது. அவனுக்குத் தெரியும். படுகையின் கிழக்கு மூலையில், அடியில், சுண்ணாம்புத் தண்ணீர் எட்டாத இடம் கொஞ்சம் இருந்தது. மறுநாள் விடிந்ததும் இடுப்பளவு பள்ளம் தோண்டி, அங்கே இன்னும் கறுப்பாயிருந்த கல்லை ஒன்றரை வாளி எடுத்தான். அதைப் படுகை முழுக்க, முழத்துக்கு ஒன்றாக, நாற்று நடுகிற மாதிரி பதித்தான். அதோடு விடவில்லை. ஆற்றுக்குப் போகிற வாய்க்காலை மண்ணால் அடைத்து, தண்ணீர் லாலாங் சரிவில் பரவி ஊறட்டும் என்று புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டினான். காய்ச்சல் விட்ட உடம்பு. பத்து வெட்டுக்கு ஒருதரம் உட்கார வேண்டியிருந்தது. நல்ல யோசனைதான், மழை மட்டும் பொறுத்திருந்தால்.

அன்று பிற்பகலே கீழ் டிவிசனுக்கு நடந்து போனான்.

தனலெட்சுமி வாசலில் உட்கார்ந்து ஏழு மாதப் பிள்ளைக்குச் சங்கில் கஞ்சித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். மருமகன் கார்த்திகேசு பாலைக் கொட்டாயில் இறக்கிவிட்டு வந்து தின்பண்டம் ஏதோ மென்றுகொண்டிருந்தவன், மாமனாரைக் கண்டதும் எழுந்து, "வாங்க மாமா, உடம்பு எப்படி?" என்று கேட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டான்.

"தனம், குடிக்கிற தண்ணியைக் காய்ச்சிக் குடி" என்றான் அய்யாவு.

"ஏம்பா?"

"சும்மாதான். ஊருல பேதி நடமாடுதாம். கொதி வந்தப்புறம் கொஞ்ச நேரம் விட்டு இறக்கு. பிள்ளைக்கு, உனக்கு, எல்லாத்துக்கும். கழுவுற சங்கைக்கூட அந்தத் தண்ணியிலயே கழுவு."

"விறகுக்கு எங்கப்பா போறது? பட்ட ரப்பர் மரத்தைத் தொட்டாக்கூட வேலை வாங்குற மண்டோர் ஏசுறான்."

"நான் கொண்டாந்து போடுறேன். மறக்காதே. ஒரு மாசத்துக்கு."

"ஒரு மாசமா? பேதி அதைக் கணக்கு வச்சுக்கிட்டா வருது?" அவள் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தலையில் விறகுக்கட்டு சுமந்துகொண்டு போய் மகள் வீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்தான்.

நாலாம் நாள் மழை பிடித்தது. அக்டோபர் மழை இந்தப் பக்கத்தில் சொல்லிவிட்டு வராது. மூன்று மணிக்கு மேற்கே கடல் பக்கம் கறுக்கும், நாலு மணிக்கு எதிர் லயம் தெரியாது. அடைத்து வைத்த மண் கரைந்து, வெட்டிய வாய்க்கால் இருந்த இடம் தெரியாமல் போய், சரிவில் ஊறியிருந்ததையும் சேர்த்து வாரிக்கொண்டு எல்லாம் ஆற்றில் இறங்கியது. அய்யாவு கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தான். தகரம் டொப், டொப்பென்று கொட்டிக்கொண்டேயிருந்தது. வெள்ளைக் கல்லுக்கிடையே போன தண்ணீர், போன நிறத்திலேயே வெளியே வந்தது.

பூசையன்று பிடித்து வைத்த சீசாவை அடுத்த நாள் திறந்தான். வாடையில் இராஜம்மா வாசலுக்கு ஓடினாள்.

"இப்பவாச்சும் சொல்லு" என்றாள், வாயைப் பொத்திக்கொண்டே.

"கல்லுல லேசா நிறம் மாறுது. இன்னும் பத்து நாள் பொறு."

ஒன்பதாம் நாள் கீழ் டிவிசனில் சீதபேதி கண்டது. முதலில் ஒரு வீடு. அப்புறம் ஆறு. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் குறைந்துபோய், கீழ் டிவிசன் கங்காணி சோம்பேறிகள் என்று கதவைத் தட்டிப் பார்த்து, உள்ளே கிடந்த கிடையைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். அரிசி லோரியில் ஓலைப்பாய் விரித்து எட்டுப் பேரைக் கிள்ளானுக்குக் கொண்டுபோனார்கள். சின்னையா என்ற கிழவர் வழியிலேயே போய்விட்டார். சீதாலெட்சுமி என்கிறவளின் மகள், மூன்று வயசுக்காரி, லோரிக்குத் தூக்குவதற்கு முன்னாலேயே.

பன்னிரண்டாம் நாள் தனலெட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேல் டிவிசனுக்கு வந்தாள். தொட்டி கட்டின பிறகு அவள் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. அய்யாவு படுகைச் சுவரில் உட்கார்ந்திருந்தான். அவள் கிட்டே வரவில்லை.

"அப்பா, இருபத்திரண்டு வாசல்ல என் வாசல்ல மட்டும் ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லை."

"நல்லதும்மா."

"நல்லதா? என் வாசலைப் பார்த்து எல்லாரும் என்ன பேசுறாங்க தெரியுமா? தொட்டிக்காரன் ஏதோ செஞ்சு வச்சுட்டான், மகளுக்கு மட்டும் மந்திரிச்சுக் குடுத்துட்டான்னு. நான் சண்டைக்குப் போனேன். எங்கப்பா அப்படிப்பட்ட ஆளு இல்லேன்னு மண்ணை வாரித் தூத்திட்டு வந்தேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "வர்ற வழியிலதான் யோசிச்சுப் பார்த்தேன். விறகு சுமந்து வந்தியே. ஒரு மாசம்னு சொன்னியே. உனக்கு முன்னாலேயே தெரியும்."

இராஜம்மா கொட்டாயிலிருந்து வெளியே வந்தாள். "அவரை ஒண்ணும் சொல்லாதே தனம். கல்லைக் கழுவினது நாந்தான்."

அவள் நடந்ததைச் சொன்னாள். தனலெட்சுமி கேட்டுக்கொண்டே நின்றாள். பிள்ளை அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நீ தெரியாம செஞ்சேம்மா" என்றாள் கடைசியில். "தெரிஞ்சுக்கிட்டு இருந்தது அப்பா. இந்தப் பிள்ளை பொறந்து எனக்குப் பால் கட்டி சுரம் வந்து கிடந்தப்ப, ரெண்டு வாரம் பால் குடுத்தது யாரு? சீதாக்கா. அவ மகளைத்தான் நேத்துப் புதைச்சாங்க. எனக்குச் சொன்ன வாய், பக்கத்து வாசல்ல சொன்னா வலிச்சிருக்குமா?"

அவள் உட்காரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மழைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று திரும்பி நடந்தாள்.

அன்றே அய்யாவு டிரஸர் லியனார்டிடம் போனான். லியனார்ட் தூத்துக்குடிப் பக்கத்து ஆள், நல்ல மனிதர், மேசைமேல் ஒரு மாதா படம் வைத்திருப்பார். மூன்று நாளாகத் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தார். அய்யாவு பூசையிலிருந்து சீசா வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். அவர் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேங்கய்யா. எழுதிக்குங்க. நான் கைநாட்டு வைக்கிறேன்."

"எதுல எழுதச் சொல்றே?" லியனார்ட் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "கீழ் டிவிசன் கிணறு உப்புன்னு தெரிஞ்சப்ப, குழாய்த் தண்ணி போட்டுக் குடுங்கன்னு சர்க்கார்லேருந்து சொன்னாங்க. மூணு மைல் குழாய் போடணும். அதுக்குப் பதிலாத்தான் துரை இந்தத் தொட்டியைக் கட்டினாரு. மேலே சுத்தம் பண்ணிட்டா கீழே ஆத்தைக் குடிக்கலாம்னு எழுதிக் குடுத்தாரு. இப்ப தொட்டி கெட்டுச்சுன்னு நான் எழுதினா என்ன அர்த்தம்? குழாய் போடுன்னு அர்த்தம்."

"போடட்டுமேய்யா."

"போடுவாங்களா? என்னைப் போட்டுடுவாங்க." அவர் மேசையிலிருந்த தாளைத் திருப்பி வைத்தார். "எழுதி அனுப்பியாச்சு அய்யாவு. ஆயுத பூசையில பழைய பண்டம் தின்னதால வந்த பேதி. துரை படிச்சுட்டு, அடுத்த வருசத்துலேருந்து தோட்டத்துல பூசை கிடையாதுன்னுட்டாரு."

அய்யாவு கதவுப் பக்கம் திரும்பினான். அவர் நிறுத்தினார்.

"இன்னொண்ணு. போன வாரம் கோலாலம்பூர்லேருந்து கம்பெனி ஏஜெண்டு வந்திருந்தாரே, நீ தூரத்துல நின்னே. உன் வெள்ளைக் கல்லைப் பார்த்து அவருக்கு ரொம்ப சந்தோசம். படம் பிடிச்சுக்கிட்டுப் போனாரு. துரை ஆர்டர் போட்டிருக்காரு. இனிமே சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கல்லைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவி வெள்ளையா வைக்கணும்."

"அய்யா, இப்பத்தான் வழுக்கல் பிடிக்குது. நீங்க படிச்சவங்க. அவருகிட்டச் சொல்லுங்க."

"சொன்னேன்" என்றார் லியனார்ட். "'அழுக்குதான் சுத்தம் பண்ணுதுன்னு ஒரு கூலி உனக்குச் சொல்லிக் குடுத்தானா'ன்னு கேட்டாரு. நான் வாயை மூடிக்கிட்டேன்."

சனிக்கிழமை காலையில் தம்புசாமிக் கங்காணி ஒரு மூட்டைச் சுண்ணாம்போடும் இரண்டு பெண்களோடும் வந்தார். அய்யாவு படுகைக்குள் நின்றுகொண்டிருந்தான். ஒரு கல்லை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பழுப்பாக, மெல்லிசாக, நாக்கில் பால் படிந்த மாதிரி. சீசா சோதனை செய்தால் இந்தத் தடவை பாதி நாறும், பாதி நாறாது. இன்னும் ஒரு வாரம் விட்டால் போதும்.

"இறங்குடா, கழுவட்டும்."

"கழுவக்கூடாது கங்காணி."

"என்னடா பேச்சு இது? பூசைக்குக் கழுவி வச்சுக் கூப்பிட்டீங்க, வந்தேன். சாமி தட்டைக் கொண்டாந்தேன். இப்ப கழுவுன்னா வலிக்குதா?"

அய்யாவு எப்போதும் போல ஆரம்பித்தான். தொட்டி, இருட்டு, ஆடை, குழாயின் வாய். கங்காணி பாதியிலேயே கையை ஓங்கி நிறுத்தினார். "இந்தப் பிரசங்கம் எனக்கு வேணாம்லா. கழுவுறியா, இல்லியா?"

"இல்லை."

"திங்கக்கிழமை ஆபீசுக்கு வா. கணக்கை முடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு, கங்காணி அந்தப் பெண்களைப் பார்த்தார். ஒருத்தி தங்கமணி. அவள் சுவரோரம் நின்ற இராஜம்மாவைப் பார்த்தாள். இராஜம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருவரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படுகைக்குள் இறங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அய்யாவு கீழ் டிவிசனுக்குப் போனான். மகள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆற்றங்கரைக்கு. இரண்டு தென்னங்கட்டை போட்டுத் தண்ணீர் மொள்ளுகிற துறையில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அவனைக் கண்டதும் பேச்சு நின்றது.

"இந்தத் தண்ணியைக் காய்ச்சாம குடிக்காதீங்க" என்றான் அய்யாவு. இன்னும் கிட்டே போய்த் திரும்பவும் சொன்னான். "மேல தொட்டி கெட்டுப்போச்சு. பூசைக்கு முன்னால கெட்டுச்சு. நேத்து மறுபடியும் கழுவிட்டாங்க. இனிமே வாராவாரம் கழுவுவாங்க, வாராவாரம் கெடும். நான் நாளைக்குப் போயிடுவேன். அதான் சொல்ல வந்தேன்."

"பூசைச் சாப்பாட்டுலதான் வந்துச்சுன்னு டிரஸர் சொன்னாரே" என்றாள் ஒருத்தி.

"இல்லை. தண்ணி."

"இதை விட்டா எதைக் குடிக்கிறது? கிணத்து உப்பையா?"

"காய்ச்சிக் குடிங்க."

"விறகை நீ கொண்டாந்து போடுவியா, உம் மகளுக்குப் போட்ட மாதிரி?"



கட்டையின் கடைசியில் குனிந்து மொண்டுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். சீதாலெட்சுமி. அவள் கத்தவில்லை. ஏதோ வழி கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"அண்ணே, ரெண்டு நாளு விறகுக்கட்டோட வந்தீங்க. என் வாசலைத் தாண்டித்தான் தனம் வீட்டுக்குப் போகணும். ரெண்டாம் நாளு நான் வாசல்ல புள்ளைக்குத் தலை சீவிக்கிட்டு இருந்தேன். 'சொம்புத் தண்ணி வேணுமாண்ணே, வேர்த்துப் போயிருக்கீங்க'ன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு தாயி."

"வேணாம்னீங்க. நம்ம கையால வாங்கிக் குடிக்கக் கூச்சப்படுறாரு போலன்னு, நான் சங்கடப்பட்டேன்."

அய்யாவு கீழே பார்த்தான். ஆறு கட்டைக்கு அடியில் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒருத்தியாவது குடத்தைக் கவிழ்ப்பாள் என்று அவன் நினைத்திருந்தான். யாரும் கவிழ்க்கவில்லை. கவிழ்த்துவிட்டு எதை மொள்ளுவது? ஒவ்வொருத்தியாகக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவனைச் சுற்றி ஒதுங்கி, மேடேறிப் போனார்கள். சீதாலெட்சுமி கரையில் இரண்டு குடம் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஒன்று நிறைந்திருந்தது. இன்னொன்றை ஆற்றில் அமுக்கப் போனவள் பாதியில் கையை எடுத்து, அந்த வெறுங்குடத்தைப் பார்த்தாள்.

"இனிமே ஒண்ணு போதும் எனக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மேட்டில் ஏறினாள்.